கடற்காற்று எத்தனை மணிக்கு வரும்? கடலூரில் கோடை முன்னறிவிப்பைப் படிக்கும் வழி

மார்ச் கடைசியிலிருந்து ஜூன் முடியும் வரை, தினமும் சாயங்காலம் 7 மணிக்கு எங்கள் ஆட்கள் 16 பேருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுவேன். ஒரு நாள் "நாளைக்கு ஆறு மணிக்கே வந்துடுங்க, பதினொண்ணுக்கு நிறுத்திக்கலாம்" என்று இருக்கும். இன்னொரு நாள் "எப்பவும் போல வாங்க" என்று இருக்கும். என் வீட்டுக்காரர் மேஸ்திரி. கொத்து வேலை, சென்ட்ரிங், கம்பி, தளம் எல்லாம் அவர் பொறுப்பு. கூலி, தண்ணீர், டீ, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதெல்லாம் என் பொறுப்பு. அந்தக் கணக்கில் வானிலையும் எப்படியோ என் தலையில் வந்து விழுந்துவிட்டது. நான் படித்தது பிளஸ் டூ. அந்த மெசேஜில் தப்பாகச் சொன்னால் மறுநாள் மதியம் யாராவது மயங்கி விழுவார்கள் என்ற பயத்தில் கற்றுக்கொண்டதுதான் இதெல்லாம்.

கடலூர், புதுச்சேரி கரையோரம் இருப்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போனில் 36, 37 என்று ஓர் எண் வருகிறதே, அதை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நம் ஊரில் கேட்க வேண்டிய கேள்வி, கடற்காற்று எத்தனை மணிக்கு உள்ளே ஏறும் என்பது. 11 மணிக்கு ஏறிவிட்டால் வேர்த்துக் கொட்டினாலும் வேலை ஓடிவிடும். 3 மணி வரை ஏறாவிட்டால் அதே ஊர், அதே மே மாதம், ஆனால் அடுப்புக்குள் நிற்கிற மாதிரி இருக்கும்.

இதை நான் 2019-இல், ஃபானி புயல் வந்த வாரத்தில் கற்றேன். 'வந்த' என்று சொல்வதே தப்பு. அது இங்கே வரவே இல்லை. ஏப்ரல் கடைசியில் நிலநடுக்கோட்டுப் பக்கம் உருவாகி மேலே ஏறிக்கொண்டிருந்தபோது, வட தமிழகக் கரைக்கு வரலாம் என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் பக்கம் புயல் என்று சொன்னாலே 2011 டிசம்பர் 30-தான் எல்லாருக்கும் நினைவு வரும். தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி, பண்ருட்டிப் பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போன நாள் அது. அந்தப் பயத்தில் ரெட்டிச்சாவடி பக்கம் ஒரு வீட்டுத் தளத்தை மூன்று நாள் தள்ளிவைக்கச் சொன்னேன். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, எல்லாம் தயாராக நின்ற தளம். ஒரு சொட்டு விழவில்லை. புயல் வடக்கே திரும்பி ஒடிசா பக்கம் போனது, மே 3-ஆம் தேதி பூரி அருகே கரையேறியது. சரி, நமக்கு ஆபத்து போய்விட்டது என்று மே 2 காலையில் தளம் போட ஆரம்பித்தோம். போன் 37 காட்டியது. ஏப்ரல் முழுக்க அந்தச் சூட்டில்தானே வேலை பார்த்தார்கள் என்று நினைத்தேன்.

கடற்காற்று வரவில்லை. 12 ஆனது, 1 ஆனது, மேற்கேயிருந்து அனல் மட்டும் அடித்தது. கம்பியில் கை வைக்க முடியவில்லை. ஒன்றரை மணி இருக்கும், கலவைச் சட்டி தூக்கிக்கொண்டிருந்த ஒரு சித்தாள் "அக்கா, கண்ணு இருட்டுது" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் உட்கார்ந்துவிட்டாள். தொட்டால் உடம்பு சுட்டது. பேர் கேட்டால் வீட்டில் அரிசி இருக்கிறது என்கிறாள். தளத்துக்கு வைத்திருந்த டிரம் தண்ணீரை அப்படியே அவள் மேல் ஊற்றினோம். 108 வந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள், நல்லவேளை. அன்று சாயங்காலம் தளத்தைப் பார்த்தால் கோழி கிளறின மாதிரி மேலெல்லாம் தலைமுடி விரிசல். வெறும் வெயிலில் அவ்வளவு வராது. மேற்கேயிருந்து வரும் காய்ந்த மேல்காற்று ஈரத்தை உறிஞ்சினால்தான் அப்படி வெடிக்கும். அந்த வீட்டின் சொந்தக்காரரோடு நடந்த பஞ்சாயத்தைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

புயல் போன பிறகு ஏன் இப்படி ஆயிற்று என்று தேவனாம்பட்டினம் டீக்கடையில் ஒரு வயதான மீனவர்தான் எனக்குச் சொன்னார். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது. அப்போது அவர்களுக்கும் பேச நேரம் இருக்கும். "கச்சான் விட்டாத்தான் கொண்டல் ஏறும்" என்றார். கச்சான் என்றால் மேல்காற்று, நிலத்திலிருந்து கடலுக்குப் போவது. கொண்டல் கிழக்கேயிருந்து வருவது. காலையில் தரை சூடேறியதும் மேலே போகும் காற்றின் இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வரப் பார்க்கும். மலைகளைத் தாண்டிக் காய்ந்து வரும் மேல்காற்று அதை வெளியே தள்ளப் பார்க்கும். யார் கை ஓங்குகிறதோ அதுதான் அன்றைய மதியம். வங்கக் கடலில் நமக்கு வடகிழக்கே ஒரு புயல் நின்றால் அது மேல்காற்றை இழுத்துக்கொள்ளும், கச்சானுக்குப் பலம் கூடும். நம் கடற்காற்றைப் புயல் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது என்றுதான் நான் ஆட்களிடம் சொல்வேன்.

கத்திரி முடிந்தும் நம் பக்கம் வெயில் குறையாததற்கும் இதே காரணம்தான். கத்திரி என்பது மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் பஞ்சாங்கக் கணக்கு. ஜூன் 1 வாக்கில் கேரளாவில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் மேல்காற்று இன்னும் வலுக்கும். அவர்களுக்கு மழை, நமக்குக் காய்ந்த காற்று. கத்திரி முடிஞ்சிடுச்சே என்று யாராவது சொன்னால் நான் ஒன்றும் பேசுவதில்லை, குடத்தைத்தான் நிரப்பிவைப்பேன்.

அறிக்கையில் எந்த வரியைப் பார்ப்பது

சென்னை நுங்கம்பாக்கத்தில் இருக்கும் மண்டல வானிலை ஆய்வு மையம் தினமும் தமிழிலேயே அறிக்கை போடுகிறது. "தமிழகம், புதுவை மற்றும் காரைக்கால் பகுதிகளில்" என்று தொடங்கும். மழை எங்கே என்று பார்த்துவிட்டு எல்லாரும் மூடிவிடுவார்கள். கீழே வெப்பநிலைக்கு இரண்டு மூன்று வரி இருக்கும், கோடையில் அதுதான் முக்கியம்.

"இயல்பை ஒட்டி" என்றால் அந்த ஊருக்கு அந்தத் தேதிக்கு உள்ள 30 வருடச் சராசரிக்குப் பக்கத்தில் என்று அர்த்தம். கடலூரிலும் புதுச்சேரியிலும் மே மாத இயல்பே 36, 37 பக்கம் வந்துவிடும். அதனால் இயல்பை ஒட்டி என்று படித்தவுடன் நிம்மதியாகிவிட வேண்டாம். "இயல்பைவிட 2 முதல் 3 டிகிரி அதிகம்" என்று வந்தால் நான் மறுநாளை 6 மணி நாளாக மாற்றிவிடுவேன். "ஓரிரு இடங்களில்" என்பது மொத்த இடங்களில் கால்வாசிக்குள், "ஒரு சில இடங்களில்" என்பது கால்வாசிக்கு மேல் பாதி வரை. கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ஒன்றல்ல.

எனக்கு மிகவும் பிடித்த வரி, "அதிக வெப்பநிலையும் அதிக ஈரப்பதமும் இருக்கும்போது ஓரிரு இடங்களில் அசௌகரியம் ஏற்படலாம்" என்பது. வேர்வையில் ஊறி, மூச்சு முட்டி, துணியெல்லாம் உடம்போடு ஒட்டிக்கொண்டு கிடப்பதற்கு எவ்வளவு மரியாதையான வார்த்தை பாருங்கள், அசௌகரியம்! ஆனால் கரையோரத்துக்காரர்களுக்கு என்றே எழுதப்படும் வரி அதுதான், அதை விட்டுவிடாதீர்கள்.

வெப்ப அலை என்று தனியாக அறிவிப்பு வந்தால்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அதற்கு ஒரு கணக்கு உண்டு. சமவெளியில் குறைந்தது 40 டிகிரி தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரிக்கு மேல் போயிருக்க வேண்டும். இயல்பு எதுவாக இருந்தாலும் 45 தொட்டாலே வெப்ப அலைதான். கடலோர ஊருக்கு 37 தொட்டால் போதும், ஆனால் இயல்பைவிட 4.5 டிகிரி கூடியிருக்க வேண்டும். அதுவும் ஒரு வட்டாரத்தில் இரண்டு ஊர்களிலாவது, அடுத்தடுத்து இரண்டு நாள் இருந்தால்தான், இரண்டாம் நாள் அறிவிப்பார்கள். இப்போது நம் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மே மாதத்தில் இயல்பே 36.5 என்றால், 41-க்குப் போனால்தான் கடலூருக்கு வெப்ப அலை. 39 டிகிரியில் கடலோர ஈரப்பதத்தோடு ஒருத்தர் செங்கல் சுமந்தால் அறிக்கைப்படி அது வெப்ப அலை இல்லை, அவர் உடம்புக்கு அது தெரியாது.

எச்சரிக்கை நிறம் பற்றிச் சுருக்கமாக: பச்சை என்றால் ஒன்றுமில்லை, மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. மாவட்ட வாரியான வரைபடத்தில் கடலூரும் புதுச்சேரியும் தனித்தனி. புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டி வேலை இருந்தால் அந்தப் பக்கத்தையும் பார்ப்பேன். பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் போகப் போக கடற்காற்று சாயங்காலம்தான் எட்டிப்பார்க்கும், சில நாள் அதுவும் கிடையாது. கடலூர் மாவட்டம் என்று ஒரே நிறம் கொடுத்திருந்தாலும், தேவனாம்பட்டினத்துக்கும் விருத்தாசலத்துக்கும் ஒரே நாள் நடக்காது.

இன்னொன்று. அறிக்கையில் வரும் எண், வெள்ளை அடித்த மரப்பெட்டிக்குள் நிழலில் வைத்து எடுத்தது. நாலு பக்கமும் காற்றுப் போகும், மார்பளவு உயரத்தில் நிற்கும். மொட்டைத் தளத்தில் கம்பிக்கு நடுவே நிற்பவருக்கு அது பொருந்தாது.

இரண்டு தெர்மாமீட்டர்

வேலை நடக்கும் இடத்தில் தகர ஷெட்டின் நிழலில், காற்று படும்படி இரண்டு தெர்மாமீட்டர் தொங்கவிட்டிருக்கிறேன். சுவரில் மாட்டும் சாதாரணக் கண்ணாடிக் குழாய் தெர்மாமீட்டர்தான். ஒன்றை அப்படியே விட்டுவிடுங்கள். இன்னொன்றின் அடிக்குமிழில் பழைய பருத்தி வேட்டித் துணியை ஒரு சுற்று சுற்றி, நூலால் கட்டி, துணியின் வாலை ஒரு சின்ன டப்பாத் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். திரி எண்ணெய் உறிஞ்சுவதுபோல துணி தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். குடிக்கிற தண்ணீராக ஊற்றுங்கள். போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்து நாலே நாளில் துணி விறைத்துவிடும், அப்புறம் அது பொய் சொல்லும். வாரம் ஒரு தடவை துணியை மாற்றுவேன்.

ஈரத் துணி கட்டியது எப்போதும் குறைவாகத்தான் காட்டும். எவ்வளவு குறைவு என்பதுதான் விஷயம். வேர்வை காய்ந்து உடம்பைக் குளிரவைக்கிறதே, அதே வேலையைத்தான் அந்தத் துணி செய்கிறது. காய்ந்தது 39, ஈரம் 24 என்றால் நடுவே 15 டிகிரி இருக்கிறது, கச்சான் அடிக்கிறது என்று அர்த்தம், ஈரப்பதம் 30 சதவீதத்துக்குள். காய்ந்தது 35, ஈரம் 28 என்றால் 7 டிகிரிதான் வித்தியாசம், ஈரப்பதம் 60 சதவீதம் பக்கம். அந்த 35 உடம்புக்கு 45 போல இருக்கும், அதுவும் நிழலில்.

கடற்காற்று ஏறும் நிமிடத்தை இதில் கண்ணால் பார்க்கலாம். போன வருடம் செம்மண்டலம் பக்கம் ஒரு வேலை. 12.40-க்குக் காய்ந்தது 38.5, ஈரம் 25. தென்னை ஓலை கிழக்குப் பக்கமாகப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஓலையெல்லாம் அசையாமல் நின்றது. ஒரு ஐந்து நிமிடம் ஒன்றும் இல்லை, அதுதான் இருப்பதிலேயே கொடுமையான நேரம். அப்புறம் ஓலை மேற்குப் பக்கம் திரும்பியது. 1.05-க்குப் பார்த்தால் காய்ந்தது 35, ஈரம் 27.5. எல்லாரும் "அப்பாடா" என்றார்கள். வெயிலின் சூடு 3 டிகிரிக்கு மேல் இறங்கிவிட்டது, ஆனால் ஈரத் துணி ஏறியிருக்கிறது, கவனித்தீர்களா? காற்று குளிர்ச்சியாகப் படும், வேர்வை மட்டும் காயாது. கடற்காற்று வந்துவிட்டது என்று வேகத்தைக் கூட்டினால் அங்கேயும் மாட்டிக்கொள்வோம்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. ஈரத் துணி 28 தொட்டால் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை நிழலில் உட்கார வைப்பேன். 30 தொட்டால் பளு தூக்கும் வேலை எதுவும் கிடையாது, கொல்லறு (கொத்துக் கரண்டி) பிடிக்கிற வேலை மட்டும், அதுவும் நிழலில். மேற்கு அனல் நாளில் ஈரத் துணி 24, 25 என்று நல்லபிள்ளையாக இருக்கும், அதை நம்பிவிடாதீர்கள். அப்போது வேர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துபோகும், தாகம் எடுப்பதற்குள் உடம்பில் தண்ணீர் தீர்ந்துவிடும். அந்த நாளுக்குக் காய்ந்த தெர்மாமீட்டரைப் பார்க்க வேண்டும். 39 தாண்டினால் நிறுத்தம்.

நாளைய காற்றை இன்றே பார்ப்பது

விண்டி போன்ற செயலி ஒன்று போனில் இருந்தால் போதும். கடலூரைத் தொட்டு, நாளைக்கு 11, 12, 1, 2, 3 என்று மணி மணியாகக் காற்றின் அம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். கடலிலிருந்து கரைக்குத் திரும்பும் மணிதான் நமக்கு வேண்டியது. அதோடு உயரத்தை 1500 மீட்டருக்கு மாற்றியும் பார்க்க வேண்டும். அந்த உயரத்தில் மேல்காற்று 20 கிலோமீட்டர் வேகத்துக்குள் இருந்தால் கடற்காற்று மதியத்துக்கு முன்னால் வந்துவிடும். 40 தாண்டினால் 2 மணிக்கு முன்னால் நான் எதிர்பார்ப்பதில்லை. இது என் நோட்டுப் புத்தகத்தில் சில வருடமாக எழுதிவைத்ததிலிருந்து வந்த கணக்கு, நூற்றுக்கு நூறு சரியாக இருக்காது. செயலி சொல்லும் மணி ஒரு மணி நேரம் முன்னே பின்னே போவது சகஜம். அதனால் நீங்களும் ஒரு நோட்டில் தினமும் ஒரே ஒரு எண் எழுதுங்கள், ஓலை திரும்பிய மணி. ஒரு கோடை முழுக்க எழுதினால் உங்கள் தெருவுக்கு எந்த செயலி எவ்வளவு தாமதமாகச் சொல்கிறது என்று பிடிபட்டுவிடும்.

தூரப் புயலைப் பார்ப்பது

ஏப்ரல், மே மாதங்களில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது வங்கக் கடலையும் பார்ப்பேன். டெல்லியில் இந்திய வானிலைத் துறையின் புயல் மையம் வங்கக் கடலுக்கும் அரபிக் கடலுக்கும் தினமும் ட்ராப்பிக்கல் வெதர் அவுட்லுக் என்று ஓர் அறிக்கை போடுகிறது. ஆங்கிலத்தில்தான் இருக்கும். முதல் தடவை என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் படித்தேன். பயப்பட வேண்டாம், நமக்கு வேண்டியது ஒரே ஒரு கட்டம். அடுத்த 24 மணி நேரம், அதற்கடுத்த 24 என்று 168 மணி நேரம் வரை, அதாவது ஏழு நாளுக்கு, தாழ்வு மண்டலம் உருவாக எவ்வளவு வாய்ப்பு என்று போட்டிருக்கும். நில் (Nil) என்றால் வாய்ப்பே இல்லை. லோ என்றால் 33 சதவீதம் வரை, மாடரேட் 34 முதல் 67, ஹை என்றால் அதற்கு மேல். வியாழக்கிழமை இரண்டு வாரத்துக்குச் சேர்த்து ஒன்று வரும், பெரிய தளம் போடும் தேதியைக் குறிப்பதற்கு அதைப் பார்ப்பேன். அதில் வரும் நேரம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம்; நம் நேரத்துக்கு 5.30 மணி கூட்டிக்கொள்ள வேண்டும்.

டிவியில் எல்லாவற்றையும் புயல் சின்னம் என்று சொல்லிவிடுவார்கள். படிகள் வேறு வேறு. முதலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. காற்று மணிக்கு 31 கிலோமீட்டர் தொட்டால் தாழ்வு மண்டலம், 50 தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 தொட்டால்தான் புயல், அப்போதுதான் பெயர். அதற்கு மேல் தீவிரம், மிகத் தீவிரம் என்று ஏறிக்கொண்டே போகும்.

அது எங்கே நிற்கிறது என்பதுதான் நம் வெயிலைத் தீர்மானிக்கும். இதற்கு ஒரு கை வித்தை இருக்கிறது. பெரிய காற்று அடிக்கும் நாளில், காற்று முதுகில் படும்படி நில்லுங்கள். இடது கையை நீட்டுங்கள். தாழ்வு இருப்பது அந்தப் பக்கம். நம் பாதி உலகத்தில் புயல் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுவதால் இது இப்படி. மேல்காற்று முதுகில் பட்டால் முகம் கடலைப் பார்க்கும், இடது கை வடக்கே நீளும். புயல் ஆந்திரா, ஒடிசா பக்கம் என்று அர்த்தம், நமக்கு வெயில். வடகிழக்குக் காற்று முதுகில் பட்டால் இடது கை தென்கிழக்கே காட்டும். அப்போதுதான் நமக்கு வேலை இருக்கிறது, சாரத்தைக் கட்ட வேண்டும், தகரத்தின் மேல் கல் வைக்க வேண்டும். கடற்காற்று லேசாக வீசும் சாதாரண நாளில் இந்த வித்தை பலிக்காது.

நம் கரையில் சமீபத்தில் ஏறியவை பெரும்பாலும் நவம்பர், டிசம்பர் புயல்கள். தானே டிசம்பர், நிவர் 2020 நவம்பர், ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் நகராமல் நின்று ஒரே நாளில் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, இரண்டு நாள் கழித்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரையும் மூழ்கடித்தது. அந்த நினைவோடு மே மாதப் புயலைப் பார்க்கக் கூடாது. ஏப்ரல், மே புயல்கள் பெரும்பாலும் வடக்கேதான் போகின்றன. 2020-இல் அம்பன் மேற்கு வங்கத்துக்குப் போனது, 2023-இல் மோக்கா மியான்மருக்குப் போனது. கடலூர் துறைமுகத்தில் மே மாதம் 1-ஆம் எண் அல்லது 2-ஆம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால், தூரக் கடலில் ஏதோ இருக்கிறது என்று கப்பலுக்குச் சொல்லும் செய்தி அது. எனக்கு அது வெயில் கூண்டு. அது ஏறியிருக்கும் நாட்களில் தளம் போட ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கோடை இடிமழை தனிக் கதை. மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கை வருகிறது, மின்னலுக்கு தாமினி என்ற செயலி இருக்கிறது. மேற்கே கருத்தால் ஆட்களைச் சாரத்திலிருந்து இறக்கிவிடுங்கள், அவ்வளவுதான்.

7 மணி மெசேஜ்

மதியம் சென்னை அறிக்கை, சாயங்காலம் விண்டி, வாரத்தில் இரண்டு நாள் டெல்லி கட்டம். மூன்றையும் பார்த்துவிட்டு நாளையை மூன்றில் ஒன்றாகப் பிரிப்பேன்.

கடற்காற்று 11, 12-க்குள் வரும் நாள்: எப்போதும் போல 8 மணிக்கு வேலை, மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம். 1, 2 மணிக்கு வரும் நாள்: 6 முதல் 11 வரை, அப்புறம் 3.30-லிருந்து 6 வரை. வராத நாள்: 5.30-க்கே ஆரம்பித்து 10.30-க்கு மூடிவிடுவோம், கூலி முழுக் கூலி. இதில் என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் முதலில் ஒத்துப்போகவில்லை. அரை நாள் வேலைக்கு முழுக் கூலியா என்றார். அந்த ரெட்டிச்சாவடி விரிசலைச் சரிபண்ணச் செலவான கணக்கை எடுத்துக் காட்டினேன். அப்புறம் பேச்சில்லை.

அப்படிப்பட்ட வாரத்தில் தளம் போட்டே ஆக வேண்டுமென்றால் விடியற்காலை 4 மணிக்கு மிஷின் ஓடும். ஜல்லி மேல் முதல் நாள் இரவே தண்ணீர் தெளித்து சாக்கு போட்டு மூடிவிட வேண்டும். பலகையையும் கம்பியையும் நனைத்துவிட்டுக் கலவை கொட்ட வேண்டும். கொட்டிய இடத்தை மட்டம் பார்த்த கையோடு ஈரச் சாக்கு. 9 மணிக்குள் முடிகிற அளவுக்கு மட்டும் போடுங்கள்.

புது ஆள் வந்தால் முதல் நாளே முழு வேலை கொடுக்காதீர்கள். வெயிலுக்கு உடம்பு பழக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வெயில் வேலை, அப்புறம் தினமும் கொஞ்சம் கூட்டலாம். ஊர்த் திருவிழாவுக்குப் போய் பத்து நாள் கழித்து வருபவரும் புது ஆள்தான், இதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

தண்ணீர், தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர். காலையில் கேழ்வரகுக் கூழ், 11 மணிக்கு உப்பு போட்ட நீர்மோர். மோர் தீர்ந்த நாளில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டிய அளவு. உப்பைக் கூட்டாதீர்கள். பெண்கள் தண்ணீர் குடிக்கத் தயங்குவது ஒதுங்க இடமில்லாததால்தான். நாலு தகரம் வைத்து ஒரு மறைப்புக் கட்டிக் கொடுத்த பிறகுதான் எங்கள் குடம் மதியத்துக்குள் காலியாக ஆரம்பித்தது.

தலைவலி, குமட்டல், கால் பிடித்து இழுப்பது என்று வந்தால் நிழல், தண்ணீர், அன்றைக்கு வேலை போதும். பேச்சு குழறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், நினைவு தப்பினால் அது வேறு. 108-ஐக் கூப்பிடுங்கள், ஆனால் வண்டிக்குக் காத்திருக்காமல் குளிரவைக்க ஆரம்பியுங்கள். ஆடையைத் தளர்த்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத் துணி வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வேர்வை வருகிறதே, ஒன்றுமில்லை என்று விட்டுவிடவும் கூடாது. வேலை செய்துகொண்டே விழுபவருக்கு வேர்வை இருந்துகொண்டேகூட இது வரும். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உண்டு. புதுச்சேரி தனி அரசு என்பதால் முள்ளோடைக்கு அந்தப் பக்கம் அந்த உத்தரவு செல்லாது.

அந்த சித்தாள் இப்போதும் எங்களிடம்தான் இருக்கிறாள். தெர்மாமீட்டர் டப்பாவுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. மதியம் ஓலை திரும்பியதும் நான் நோட்டை எடுப்பதற்குள் மணியைச் சொல்லிவிடுவாள். "அக்கா, ஒண்ணு அஞ்சு. எழுதிக்குங்க."